ஊர் மியூசியத்துக்கு வசூலுக்கு இறங்கும் முன்

கோவில் கும்பாபிஷேகம் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. இரண்டு கூட்டம் போடுவார்கள், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள், மூன்றாவது வாரம் ரசீது புத்தகம் அச்சாகி வந்துவிடும், வெளியூர்ப் பங்காளிகளுக்கெல்லாம் போன் பறக்கும். அதே ஊரில் ஓடு ஒழுகி, நடுகல்லில் பாசி படர்ந்து, அலமாரிக்குள் கரையான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிற சின்ன மியூசியத்தைச் சரிசெய்யப் பணம் திரட்டலாம் என்று சொல்லிப்பாருங்கள், "அதெல்லாம் கவர்மெண்ட் பாத்துக்கும் கண்ணு" என்று டீயை ஆற்றிக்கொண்டே முடித்துவிடுவார்கள்.

நான் ஏற்காடு அடிவாரத்தில் இருப்பவன். ஒரு பழைய ஓட்டுக் கட்டடம், உள்ளே ஊர்க்காரர்கள் பல வருடமாகக் கொடுத்துச் சேர்ந்த சாமான்கள். அதைப் பழுதுபார்க்க நாங்கள் ஏழெட்டுப் பேர் இரண்டு வருடம் அலைந்தோம், முதல் வருடம் பெரும்பாலும் தப்பாகத்தான் செய்தோம். கடைசியில் கைகொடுத்தது கோவில் வசூலில் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய முறைகள்தான், ஒன்றிரண்டைத் தவிர. புதிதாக இறங்குகிறவர்களுக்காக அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கட்டடம் யாருடையது

இதைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். சேலத்தில் இருப்பதுபோல அரசு அருங்காட்சியகம் என்றால் அது அருங்காட்சியகங்கள் துறையின் சொத்து. 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம்தான் அந்தத் துறைக்குத் தலைமை இடம். அங்கே நாம் போய் ஆணி அடிக்கக்கூட முடியாது. காப்பாட்சியரைப் பார்த்து, அவர்களுக்கு என்ன தேவை, பொதுமக்கள் உதவியை எந்த வழியில் வாங்கிக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஊராட்சிக் கட்டடம் என்றால் தீர்மானம் வேண்டும். கிராம சபை சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் எப்படியும் கூடும். முன்னாடியே தலைவரிடமும் செயலரிடமும் பேசி, மியூசிய விஷயத்தை அன்றைய கூட்டப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நூறு பேர் முன்னால் தீர்மானம் படித்தபிறகு "எங்களைக் கேக்காம எப்படி" என்று யாரும் கிளம்ப முடியாது. தனியார் இடம், எஸ்டேட் இடம், பள்ளி, தேவாலயம் என்றால் இத்தனை வருடத்துக்கு இது மியூசியமாகத்தான் இருக்கும் என்று ஒப்பந்தம் எழுதிப் பதிவுசெய்யுங்கள். நீங்கள் ஓடு மாற்றி வெள்ளையடித்துப் பளபளவென்று ஆக்கியபிறகுதான் சிலருக்கு அந்த இடத்தில் சின்னதாக ஒரு மண்டபம் கட்டலாமே என்று தோன்றும்.

எஸ்டிமேட், வாய்க்கணக்கு வேண்டாம்

எங்களுக்கு மேஸ்திரி ஒருவர் சுற்றிப்பார்த்துவிட்டு 6 லட்சம் ஆகும் என்றார். அதை நம்பி நோட்டீஸ் அடித்தோம். பிறகு ஒரு இன்ஜினியர் ஏணி வைத்து ஏறிப்பார்த்தால் உத்தரத்தில் பாதி உளுத்திருக்கிறது, கணக்கு 11 லட்சத்துக்குப் போனது. ஒருமுறை 6 என்று சொல்லிவிட்டு மறுமுறை 11 என்று போய் நிற்பதைப்போல ஒரு சங்கடம் கிடையாது. நடுவில் யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் ஊர் நினைக்கும். அதனால் ஓட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆளை வைத்து அயிட்டம் வாரியாக எழுதி வாங்குங்கள், ஒப்பந்த வேலைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், எதிர்பாராத செலவுக்கு மேலே ஒரு பத்துப் பதினைந்து சதவீதம் வையுங்கள்.

வரிசை முக்கியம். கூரை, மழைத்தண்ணீர் வெளியேற வழி, கரையான் மருந்து, சுவர், மின்சார வயரிங், அப்புறம்தான் அலமாரியும் விளக்கும் பெயர்ப்பலகையும். நன்கொடை கொடுப்பவர்களுக்குப் பெயர்ப்பலகைமேல்தான் கண் போகும். நீங்கள் கூரையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

சுவரைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நாங்கள் இதில் கையைச் சுட்டுக்கொண்டோம். பழைய கட்டடங்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சில இடங்களில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பொரி மாதிரி உப்பிக்கொண்டு வரும். எங்கள் கொத்தனார் "சிமெண்ட்தாங்க ஸ்ட்ராங்கு" என்றார், ஒரு பக்கச் சுவரைப் பூசவும் விட்டோம். அடுத்த ஐப்பசி மழை முடிந்ததும் அதைக் கொத்தி எடுக்கத் தனியாகக் கூலி கொடுத்தோம். மலைமேல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஏற்காட்டில் மாதக்கணக்கில் பனிமூட்டம் நிற்கும், வெளிச்சுவரை ஒட்டி ஓலைச்சுவடியோ பழைய போட்டோவோ வைத்தால் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்காது.

எஸ்டிமேட் கையில் வந்ததும் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடையுங்கள். நூறு ஓடு இவ்வளவு, ஓடு தாங்கும் ரீப்பர் கட்டை ஒன்று இவ்வளவு, ஒரு ஜன்னல், ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு நடுகல்லைத் தூக்கி நிறுத்தும் பீடம். கோவிலில் ஒரு மூட்டை சிமெண்ட், ஒரு லோடு மணல் என்று கேட்பார்களே, அதேதான். "மியூசியம் புனரமைப்பு நிதி" என்று கேட்டால் நூறு ரூபாய் தருகிறவர், "உங்க பேர்ல நூறு ஓடு" என்றால் உட்கார்ந்து விலை விசாரிப்பார்.

பணம் எங்கே விழவேண்டும்

யாருடைய சொந்த ஜிபே நம்பரிலும் வாங்கவேண்டாம். நாங்கள் ஆரம்பத்தில் கமிட்டியில் ஒருவருடைய நம்பரில்தான் வாங்கினோம், மனிதர் தங்கமானவர், ஆனால் அவர் வீட்டு மளிகைக் கணக்கும் மியூசியக் கணக்கும் ஒரே பாஸ்புக்கில் கலந்து, மூன்று மாதம் கழித்துப் பிரித்து எழுதுவதற்குள் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

சரி, அமைப்பாகப் பதிவுசெய்ய இரண்டு வழி உண்டு. சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது 7 பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். வேலை முடிந்தபிறகும் ஊரே கூடி முடிவெடுக்கவேண்டும் என்று நினைத்தால் சங்கம் நல்லது, நாலு பேர் பொறுப்பாக நீண்டநாள் நடத்தப்போகிறீர்கள் என்றால் அறக்கட்டளை. என் சாய்வு சங்கத்தின் பக்கம், ஆனால் வருடா வருடம் பொதுக்குழு கூட்டி அறிக்கை தாக்கல் செய்யச் சோம்பல்படாத செயலாளர் கிடைக்கவேண்டும். பதிவு முடிந்ததும் பான் கார்டு, வங்கிக் கணக்கு. செக்கில் இரண்டு பேர் கையெழுத்து, அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. க்யூஆர் கோடும் அந்தக் கணக்குக்கே வாங்குங்கள், பணம் போடுகிறவர் போனில் அமைப்பின் பெயர் வருவதே பாதி நம்பிக்கை.

கொஞ்சம் பெரிய தொகை தருகிறவர்கள் "80ஜி இருக்கா?" என்று கேட்பார்கள். வருமான வரிச் சலுகைக்கான பதிவு அது. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன, ஆனால் ஜனங்கள் வாயில் இன்னும் 80ஜிதான். இதை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியது இவ்வளவுதான்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது, புதிய வரி முறைக்கு மாறிவிட்டவர்களுக்கும் கிடைக்காது. கொடுத்தவரின் பான் எண்ணைப் பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள், வருடக் கடைசியில் பட்டியல் ஏற்றும்போது போன்போட்டுக் கேட்டால் பாதிப்பேர் எடுக்கமாட்டார்கள். ஒரே ஆளிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டமே தடுக்கிறது.

வெளிநாட்டுப் பணத்தில் ஜாக்கிரதை. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலைபார்க்கும் நம் ஊர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறான், தன் சம்பளச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புகிறான் என்றால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும், அதற்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி டில்லியில் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது. மாமா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

யாரிடம், எந்த நேரத்தில், எப்படி

முதல் ரசீது கமிட்டிக்காரர்கள் பேரில் கிழியவேண்டும். நாங்கள் போன முதல் வீட்டிலேயே பெரியவர் ஒருவர் அடிக்கட்டையைப் புரட்டிப்பார்த்துவிட்டு, "நீங்க எவ்வளவு போட்டீங்க சாமி?" என்று கேட்டார். ஒன்றும் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலமே எல்லோரும் போட்டோம்.

போகிற இடத்துக்குத் தகுந்த பேச்சு வேண்டும். மியூசியம் என்ற பொதுவான சொல்லுக்கு யாரும் இளகமாட்டார்கள், தங்கள் தொழிலும் தங்கள் தாத்தாவும் உள்ளே இருந்தால் இளகுவார்கள். சேலத்தில் குகை, அம்மாப்பேட்டைப் பக்கம் நெசவுக் குடும்பங்களிடம் போனால் வெண்பட்டு வேட்டி நெய்த பழைய தறியை நிறுத்த ஒரு மூலை வேண்டும் என்று பேசுங்கள். சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறைகளில் பழைய கொலுசு அச்சுகள் சும்மா கிடக்கும், அதைக் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு பணத்தைப்பற்றிப் பேசுங்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்களுக்கு மகமை என்ற வார்த்தையை விளக்கவே வேண்டாம். வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக்காரியத்துக்கு எடுத்துவைப்பது அவர்கள் பாட்டன் காலத்துப் பழக்கம். ஒரே தடவையாகப் பெரிய தொகை கேட்பதைவிட ஒரு பருவத்துக்கு மட்டும் மகமை போடச் சொல்லுங்கள், சங்கத்தில் பேசி ஏற்பாடு செய்வார்கள். ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த சினிமா ஸ்டுடியோவில் லைட் பிடித்தவர், செட் அடித்தவர், மேக்கப் போட்டவர் குடும்பங்கள் சேலம் முழுக்க இருக்கின்றன. ஒரு பழைய போட்டோவை அவர்களிடமிருந்து வாங்கி மாட்டுங்கள், நன்கொடை பின்னாலேயே வரும்.

மலைமேல் பேசுவதற்கு இன்னும் நல்ல விஷயம் இருக்கிறது. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடாரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், ஓய்வுபெற்றபின் குடியிருந்தது ஏற்காட்டில்தான், அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவுக்கல் இருக்கிறது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் வழவழவென்று தேய்த்த புதிய கற்காலக் கோடாரிகளைப் பிள்ளையார் என்று மரத்தடியில் வைத்துக் கும்பிடுவதை அவரே பார்த்திருக்கிறார், அந்தப் பழக்கம் இன்றும் உண்டு. அவர் சேர்த்த பொருட்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. "நம்ம பிள்ளையாரைப் பாக்க எழும்பூருக்கு டிக்கெட் எடுக்கணுங்க" என்று சொன்னால் மலையில் சிரிக்காதவர் இல்லை. எஸ்டேட்காரர்களிடம் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த கதையைச் சொல்லலாம், அவர்களுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும், சொல்லவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, எஸ்டேட் கதையை மட்டும் மாட்டிவைத்துவிட்டு அந்த மலையில் அதற்கு முன்பே இருந்த மலையாளிப் பழங்குடி மக்களை ஒரு மூலையில் இரண்டு பொம்மையாக நிறுத்திவைக்காதீர்கள். அவர்களிடம் பணம் கேட்கும் முன் கமிட்டியில் இடம் கொடுங்கள்.

நேரம் பார்க்கவேண்டும். ஆடியில் போகாதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகையும் குகை வண்டி வேடிக்கையும் நடக்கிற மாதத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏற்கனவே நாலு ரசீது புத்தகம் நிற்கும். ஜூனில் பள்ளிக்கூடப் பீஸ். காபி பழம் எடுத்து விற்று முடிகிற மாசி, பங்குனி மலைக்கு நல்லது. தறிக்காரர்களுக்குத் தீபாவளி முடிந்து கணக்குப் பார்த்தபிறகு. மாம்பழக்காரர்களைச் சீசன் நடுவில் பிடிக்கவே முடியாது, பேசவும் நேரமிருக்காது.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள், ஒருவராவது அந்தத் தெருக்காரராக இருக்கட்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இது எங்களுக்கு வரவே இல்லை. அவர் யோசிக்கிற இடைவெளியில் "இல்லைன்னா பரவாயில்லைங்க" என்று நாமே சொல்லிக் கதவைச் சாத்திவிடுவோம்.

நிகழ்ச்சிகள் வைத்தால் பணம் குவியும் என்று நினைக்காதீர்கள், பந்தலுக்கும் மைக் செட்டுக்குமே போய்விடும். எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு நாள்தான். "உங்கள் வீட்டுப் பழம்பொருள்" என்று அறிவித்து, அவரவர் வீட்டு மரப்பாச்சி, முகத்தல் படி, பாக்குவெட்டி, கல்யாண ஓலை எல்லாவற்றையும் பள்ளி ஹாலில் வைத்தோம். வாசலில் தட்டுவடை செட் கடை, இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவல் வைத்துத் தருவது. தட்டுவடை போட்டவர்கள் கமிட்டிப் பெண்கள், கேரட்டும் பீட்ரூட்டும் காய்க்கடைக்காரர் கொடுத்தது. சாமான் வைத்தவர் குடும்பத்தோடு வந்தார், சொந்தக்காரர்களைக் கூட்டிவந்தார், வந்தவரெல்லாம் சாப்பிட்டார்.

பரிசுக் கூப்பன் மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் பரிசு பைக் என்று குலுக்கல் சீட்டு அடிக்கலாம் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை, நல்ல காரியத்துக்கு என்று சொன்னாலும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறவேண்டிவரும்.

உபயம் என்ற வியாதி

கோவில் வசூலிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடாதது இதுதான். ட்யூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதுவது நமக்குக் கைவந்த கலை. மியூசியத்தில் அலமாரிக் கண்ணாடியில் பெயர் ஒட்டினால் உள்ளே இருக்கும் பழங்காசைப் பார்க்க முடியாது. ஒரே ஒரு பலகை, வாசலில், எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில், தொகை போடாமல். பெரிய தொகை தந்தவர் ஒருவர் எங்களிடம் முறைத்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை. இதை வசூலுக்கு முன்பே தீர்மானம் போட்டு நோட்டீஸிலேயே அச்சடித்துவிட்டால் சண்டை குறையும். நாங்கள் பிறகுதான் அச்சடித்தோம்.

பொருளாகக் கொடுக்க வருபவர்களிடமும் விதி வேண்டும். கிணறு வெட்டும்போது கிடைத்தது, வயலில் உழும்போது கிடைத்தது என்று காசுப் பானையோ சிலையோ கொண்டுவந்தால் வாங்கிவைக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும், தாசில்தாரிடம் அனுப்பிவையுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் வேறு இருக்கிறது. மற்ற சாமான்களுக்குக் கொடுத்தவர் பெயர், தேதி, நன்கொடையா இரவலா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டி கொடுத்த உரலைப் பேரன் வந்து திருப்பிக் கேட்கும் நாள் வரும்.

பெரிய பணம்

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் பழைய கட்டடங்களையும் கலை, பண்பாட்டையும் காப்பது அனுமதிக்கப்பட்ட செலவுதான், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பணம் வாங்கும் அமைப்புக்கு வரிப்பதிவு, கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனிப்பதிவு, அதே துறையில் மூன்று வருட அனுபவம் எல்லாம் கேட்பார்கள். நேற்றுத் தொடங்கிய சங்கத்துக்குக் கிடைக்காது, ஏற்கனவே இயங்கும் அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து கேட்கலாம். ஊராட்சிக் கட்டடம் என்றால் நமக்கு நாமே திட்டத்தை விசாரியுங்கள். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும், உங்கள் வேலை அதில் சேருமா என்று கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் சொல்வார்கள். நம் பங்கைக் காட்டினால்தான் அங்கே பேச்சே ஆரம்பிக்கும்.

வேலை நடக்கும்போது

மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். வேலை முடிந்த அளவுக்கே பணம் கொடுங்கள், கடைசியில் பத்து சதவீதத்தையாவது ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைப்போம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வரவு செலவை மாதம் ஒருமுறை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதாது, குரூப்பில் இல்லாதவர்தான் டீக்கடையில் பேசுவார். டீக்கடை எதிரிலேயே ஒரு கரும்பலகை மாட்டி எழுதினோம், இந்த மாதம் வந்தது, போனது, இருப்பு. ஒரு மாதம் கூட்டலில் 400 ரூபாய் தப்பாகிவிட்டது, டீ மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் அவரே பத்து ரீப்பருக்கு ரசீது போடச் சொன்னார்.

மொத்தத்தில் ஒரு பங்கை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள், அதன் வட்டியில் கரண்ட் பில்லும் வருடாந்திரக் கரையான் மருந்தும் போகவேண்டும். திறப்பு விழா முடிந்த மறுவாரம் வெளியே இருக்கும் எல்லா ரசீது புத்தகத்தையும் நம்பர் சரிபார்த்துத் திரும்ப வாங்கி, எழுதாத தாள்களைக் குறுக்கே கோடு போட்டுப் பொருளாளர் கையெழுத்தோடு ஒரே பெட்டியில் கட்டிவைக்கவேண்டும். எங்கள் புத்தகம் ஒன்று, 17-ஆம் நம்பர், இன்னும் வரவில்லை. பலகையில் அதையும் எழுதிப்போட்டிருக்கிறோம்.